லண்டனுக்குப் போன காம்பரா

ஜெர்மன் சண்டை ஓய்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். இலங்கையில் றக்வானைக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தச்சனாக இருந்தேன். தோட்டத்தில் தச்சனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. ‘பாஸ்’ என்பதுதான் அவன் பெயர். ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டு உடைந்தாலும் பாஸ், துரை பங்களாவில் நாற்காலிக் கால் ஆடினாலும் பாஸ்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சரியான பயந்தாங்கொள்ளி. துரையின் குதிரைச் சத்தம் வளைவுக்கு அப்பால் கேட்டாலே உளியைப் போட்டுவிட்டு ஒதுங்க இடம் தேடுவேன். என் மனைவி கொழுந்து எடுக்கிறவள். அவள் எனக்கு நேர் எதிர். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஆண்டவன் கொஞ்சம் தைரியம் கொடுத்திருந்தான். அதையும் அவளே முழுசாக எடுத்துக்கொண்டாள்.

அப்போது அவள் நிறைமாசம். அதற்கு முன் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் தங்கவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை. அதில் ஜன்னல் என்பதே கிடையாது. கதவைச் சாத்தினால் பகலிலும் விளக்கு வேண்டும். அடுப்புப் புகை கூரையைத் தடவிவிட்டு எங்கள் மூக்குக்கே திரும்பி வரும். மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். இரண்டாவது பிள்ளை இருமி இருமியே போயிற்று. எங்கள் லயத்தில் பாதிக் காம்பராக்களில் இதே கதைதான், ஆகையால் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் மூன்றாவதையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, படுத்தால் படுக்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. நான் போனபோது அங்கே பெரிய துரை ஒரு படத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் பெரிய கிளார்க் ஐயா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை வெளேர் என்று கோட்டுப் போட்டவர், சிரித்து நான் பார்த்ததில்லை. துரை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

லண்டனில் பெரிய கண்காட்சி ஒன்று நடக்கப்போகிறதாம். இங்கிலீஷ் ராஜாவின் ஆட்சியில் இருக்கிற நாடுகளுக்கெல்லாம் அங்கே தனித்தனியாக மண்டபம் கட்டுகிறார்களாம். இந்தியாவுக்கு ஒன்று, பர்மாவுக்கு ஒன்று, ஆப்பிரிக்காவுக்கு ஒன்று. ஒவ்வொரு நாட்டுக்காரனும் தன் ஊர்க் கட்டடத்தின் சாயலிலேயே எழுப்புவானாம். சிலோன் மண்டபத்துக்கு முகப்பு கண்டி மாளிகை மாதிரி. உள்ளே தேயிலைப் பகுதியில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் காம்பரா ஒன்றை முழு அளவில் வைக்கவேண்டும். அதை மரத்தில் இங்கேயே செய்து, நிறுத்திப் பார்த்து, பிறகு துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றுவது. அந்த வேலை எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தது.

நான் படத்தைப் பார்த்தேன். உயரமான கூரை. பலகைத் தரை. புகை போக ஒரு கூண்டு. இரண்டு பக்கமும் ஜன்னல், ஜன்னலுக்குக் கதவு. இப்படி ஒரு காம்பரா எங்கள் தோட்டத்தில் மட்டுமல்ல, பெல்மதுளை வரைக்கும் எந்தத் தோட்டத்திலும் நான் கண்டதில்லை.

“ஐயா, இது...” என்று தொடங்கினேன்.

“படத்தில கிடக்கிற மாதிரியே செய்யும். நீர் ஒண்டும் யோசிக்கவேண்டாம்” என்றார் கிளார்க் ஐயா.

யோசிக்கவேண்டாம் என்று சொன்னால் யோசிக்காமல் இருக்கிற ஆளா நான்? அன்று முழுக்க எனக்கு அந்த மண்டபங்களே கண்ணுக்குள் நின்றன. நாடுகள் எல்லாம் லயம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்பதுபோலவும், ஒவ்வொன்றின் முன்திண்ணையான இஸ்தோப்பிலும் ஒரு ராஜா உட்கார்ந்து வெற்றிலை போடுவதுபோலவும் தோன்றியது. அதிலே எங்கள் காம்பராவும் ஒன்று. பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கமாட்டேன்.

ஸ்டோருக்கு முன்னால் இருந்த மட்டத் தரையில் வேலையைத் தொடங்கினேன். கீழ்க் கிராமத்திலிருந்து ஒரு சிங்கள மரம் அறுப்பவர் எனக்கு ஒத்தாசையாக வந்தார். நாங்கள் இருவரும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். தூண் நிறுத்தி, நிலை வைத்து, கூரைக்கு விட்டம் ஏற்றுகிற அன்று அவர் மரம் அறுக்கும் வாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“பாஸுன்னெஹே, மேக்க காகே கெதரத?”

இது யாருடைய வீடு என்று கேட்கிறார். “யாருடையதும் இல்லை” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சொன்ன மறுகணம் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் சாதியில் ஒரு வழக்கம் உண்டு. மனைவி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் தன் வீட்டைக் கட்டத் தொடங்கக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது. மற்றவர் வீட்டைக் கட்டலாம், அது பிழைப்பு. கட்டி முடிந்ததும் தச்சு கழிப்போம். வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று வெற்றிலை பாக்குக் கொடுப்பார். நாங்கள் கடைசியாக ஒரு தடவை நிலையை உளியால் தட்டி, “இனி இது உங்க வீடு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவோம். அத்தோடு வீட்டின் நல்லது கெட்டது எதுவும் எங்களைத் தொடராது.

ஆனால் இந்த வீட்டுக்கு யார் வீட்டுக்காரர்? துரை இதில் இருக்கப்போவதில்லை. எங்கள் ஆட்களும் இருக்கப்போவதில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத வீடு, கட்டினவன் தலையிலேயே நிற்கும். அப்படியானால் நிறைமாச மனைவியை வைத்துக்கொண்டு நான் கட்டுவது என் வீட்டையா? இந்த எண்ணம் வந்த பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இழைத்த பலகையையே மறுபடி இழைத்தேன். ஆணியைக் கோணலாக அடித்துப் பிடுங்கினேன்.

ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. கப்பலுக்கு நாள் நெருங்குகிறது என்று ஆபீஸிலிருந்து ஓயாமல் ஆள் வரும். நிறுத்திவிட்டுப் போகவும் முடியாது. வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் நிறைமாசக்காரியோடு எந்த மரத்தடிக்குப் போவது?

மனைவி வேலை முடிந்து போகும்போதெல்லாம் அந்தப் பக்கமாக வந்து நிற்பாள். உள்ளே வரமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பாள்.

“இதுல யாருங்க இருக்கப் போறா?”

“பொம்மைங்க. கொழும்புல செய்றாங்களாம். ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை, ஒரு புள்ள.”

“பொம்மைக்கு இருமல் வராதே. அதுக்கு எதுக்குங்க ரெண்டு ஜன்னல்?” என்று கேட்டாள்.

ஒரு நாள் என் பயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. “வீட்டுக்காரர்தான இல்ல? பாக்கலாம்” என்று மட்டும் சொன்னாள். இவள் பாக்கலாம் என்று சொன்னால் எனக்கு இன்னும் பயம்.

வேலை முடிந்தது. வெள்ளை அடித்தாயிற்று. ஒவ்வொரு துண்டிலும் இலக்கம் போட்டாயிற்று. அன்று மாலை துரை வந்து பார்ப்பதாகவும், மறுநாள் பிரித்து ஓபநாயக்கா ஸ்டேஷனுக்கு மாட்டு வண்டியில் அனுப்புவதாகவும் ஏற்பாடு. காலையில் நான் தனியாக நின்று கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மனைவி மெதுவாக ஏறி வந்தாள். வேலைக்குப் போகவில்லை. கூடவே பக்கத்துக் காம்பராக்காரி. எங்கள் லயத்தில் பிரசவம் பார்க்கிறவள் அவள்தான். கையில் ஒரு துணி மூட்டை.

மனைவி வாசலுக்கு நேராக நின்று மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினாள். “இந்தாங்க. தச்சு கழிங்க.”

“ஏய், நீ யாரு இதுக்கு?”

“நான்தான் வீட்டுக்காரி. வேற எவளாச்சும் வந்து கேட்டாளா?”

“ஐயோ, அதத்தான வேணாம்னு சொல்றேன்! நீ வாங்குனா அது நம்ம வீடு ஆயிருமே. வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு...”

“தொடங்கறதுதான தப்பு? நீங்களா தொடங்குனீங்க? தொரை தொடங்குனாரு. முடிஞ்ச வீட்ட வாங்கிக்கறதுல என்னாங்க தோஷம்?”

இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் படித்தாளோ! நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாராவது பார்த்தால் என் கதை முடிந்தது. சீக்கிரம் ஒழியட்டும் என்று வெற்றிலையை வாங்கிக்கொண்டு உளியால் நிலையைத் தட்டினேன். “இனி இது உங்க வீடு” என்று சொன்னேன். பெண்டாட்டியைப் பார்த்து ‘உங்க’ என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அவள் வலது காலை வைத்து உள்ளே போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தாள். பக்கத்துக் காம்பராக்காரி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் விளங்கியது. வலி விடியற்காலமே தொடங்கியிருக்கிறது. இருவரும் பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். மூட்டையில் இருந்தது பழந்துணியும் நூலும்.

அன்று பகல் முழுவதும் அந்த வீட்டைச் சுற்றி நான் நடந்த நடை இருக்கிறதே, அதை நேராக நடந்திருந்தால் கொழும்புக்கே போயிருப்பேன். மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. உள்ளே சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். ஸ்டோர் ஆட்கள் வந்து கேட்டார்கள். அறுப்பவர் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வெற்றிலை மடித்து மடித்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

பிற்பகலில் ஒரு வீறல் கேட்டது. நல்ல கனமான குரல். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை முடிவதற்குள் வளைவில் குதிரைச் சத்தம்.

துரை இறங்கி நேரே கதவைத் தள்ளப் போனார். கதவு கொஞ்சம் திறந்தது. பக்கத்துக் காம்பராக்காரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“தீட்டு வீடுங்க தொரை. உள்ளுக்கு வரக்கூடாது.”

துரை எங்கள் தமிழ் கொஞ்சம் பேசுவார். “யாரு உள்ளே? என்னா நடக்குது?” என்று என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த வெற்றிலையையே பார்த்தேன். பின்னால் குடையோடு வந்த கிளார்க் ஐயா அவர் காதருகே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரையின் முகம் சிவந்தது. பத்துச்சீட்டு என் கண்முன் பறந்தது.

அவர் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். படத்தில் இருந்தபடி நான் வைத்த ஜன்னல். அதன் வழியே உள்ளே பார்த்தார். நானும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அப்போதுதான் பார்த்தேன். மழை விட்டிருந்தது. பலகைத் தரையில் வெளிச்சம் விழுந்து, அந்த வெளிச்சத்தில் என் மனைவி சாய்ந்து கிடந்தாள். மார்பில் ஒரு சிவப்புத் துளி, பெண் குழந்தை. எங்கள் இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் பிறந்த அன்று நான் மண்ணெண்ணெய் விளக்கில்தான் பார்த்தேன். இவளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். அவள் காதில் இருந்த பூனை மயிர்கூடத் தெரிந்தது.

துரை ரொம்ப நேரம் பார்த்தார். “இன்னைக்கு இருக்கட்டும்” என்றார். “நாளைக்குக் காலையில பிரிக்க வேணும், பாஸ். கப்பல் காத்து நிக்காது.” ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் வண்டிகள் வந்துவிட்டன. மாடுகள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன. கிளார்க் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வேறு வழியில்லை. அவள் உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே நான் மேலே ஏறி ஒரு ஓரத்திலிருந்து கூரையைக் கழற்றத் தொடங்கினேன். எத்தனையோ வீட்டுக் கூரையைப் பிரித்திருக்கிறேன். கீழே ஆள் இருக்கும்போது பிரித்தது அன்றுதான். இடைவெளி வழியாக அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, பக்கத்துக் காம்பராக்காரியின் தோளைப் பிடித்து எழுந்து, தன் காலால் நடந்து வெளியே வந்தாள். வாசலில் நின்று, “பாத்துப் பிரிங்க. ஒடஞ்சிறப் போவுது” என்றாள். அந்த வார்த்தையை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

வண்டிகள் மலை இறங்கின. நாங்கள் எங்கள் காம்பராவுக்குத் திரும்பினோம்.

அந்த இருட்டுக்குள் நுழைந்ததும் பழையபடி புகை, பழையபடி ஈரம். முன்பும் அதே காம்பராதான். ஆனால் முன்பு அது எனக்குத் தெரியவில்லை. காம்பரா என்றால் இப்படித்தான் என்று இருந்தேன். இப்போது அந்த நாலு சுவருக்குள் என்னால் நிற்கவே முடியவில்லை. வெளியே போவேன், உள்ளே வருவேன். சில நாள் போனது. பிள்ளை முதல் தடவையாக இருமினாள். சின்ன இருமல்தான். மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நினைவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, லயத்து ஆட்கள் எல்லோரும் றக்வானைக் கடைவீதிக்குப் போயிருந்த நேரம். கடப்பாரையை எடுத்தேன்.

“என்னாங்க செய்யப் போறீங்க?”

“ஜன்னல் வைக்கப் போறேன்.”

இதைச் சொன்னது நான்தான். எனக்கே நம்பிக்கை இல்லை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனாள். போகும்போது, “தொரை கேட்டா என்னா சொல்லுவீங்க?” என்றாள்.

“வீட்டுக்காரிகிட்ட கேட்டுக்குங்கன்னு சொல்லுவேன்.”

பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

பின்சுவர் கல்லும் மண்ணுமாகக் கட்டியது. மேலே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தேன். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. அளவு எடுக்கவே இல்லை. அந்த ஜன்னலின் அளவு கைக்கே தெரிந்திருந்தது. ஓட்டை விழுந்ததும் வெளிச்சம் வந்து எங்கள் அடுப்பின்மேல் உட்கார்ந்தது. எவ்வளவு கரி படிந்த வீட்டில் இருந்திருக்கிறோம் என்று பார்த்து இருவருமே திகைத்துவிட்டோம்.

சட்டம் பொருத்திக்கொண்டிருந்தபோது ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோட்டுத் தெரிந்தது. கிளார்க் ஐயா. சத்தம் கேட்டு வந்திருக்கிறார். “ஆர் உமக்கு உத்தரவு தந்தது?” என்றார்.

நான் உளியைக் கீழே வைத்தேன். “யாரும் தரலைங்க ஐயா. பிள்ளை இருமுது.”

அவர் என்னைப் பார்த்தார். ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். திரும்பி மலையைப் பார்த்தார்.

“மழை வந்தால் சாரல் உள்ளுக்கு அடிக்கும்” என்றார். “மேல ஒரு தகரத்தைச் சாய்ச்சு வையும். ஸ்டோருக்குப் பின்னால பழசு கிடக்கு. நான் ஒண்டும் காணேல்லை.”

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மனுஷன் சிரிக்காதவர் என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

துரை அந்தப் பக்கம் வந்தது ஒரு வாரம் கழித்து. நின்றார். பார்த்தார். அவர் பிரம்பால் ஜன்னல் கட்டையைத் தட்டி, “லண்டன் ஜன்னல்!” என்றார். சிரித்தாரா, முறைத்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. போய்விட்டார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே பக்கத்துக் காம்பராக்காரி வந்து, “பாஸ், எங்களுக்கும் ஒரு லண்டன் ஜன்னல் வச்சுத் தாங்க” என்று நின்றாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் லயத்தில் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டேன். மேல் லயத்தில் பாதி முடிவதற்குள் துரை சீமைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் நிறுத்திவிட்டார். மீதிக் காம்பராக்கள் இன்றும் இருட்டாகத்தான் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போது மனசு கேட்பதில்லை.

கண்காட்சி நடந்தபோது கிளார்க் ஐயா இங்கிலீஷ் பத்திரிகையில் வந்த படம் ஒன்றைக் காட்டினார். சிலோன் மண்டபத்துக்கு முன்னால் தொப்பி போட்ட கூட்டம். எங்கள் காம்பரா எங்கே என்று தேடினேன். “அது உள்ளுக்கு இருக்கும்” என்றார். இருக்கட்டும். பொம்மைகள் சுகமாக இருந்திருக்கும்.

என் மகள் தங்கிவிட்டாள். இப்போது காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுக்கிற வயசு. தாயைப் போலவே வாய். நான் இன்னும் பயந்தாங்கொள்ளிதான், குதிரைச் சத்தத்துக்குப் பதிலாக இப்போது மோட்டார் சத்தம். ஆனாலும் நாங்கள் இப்படி வாழ்கிறோம் என்று உலகத்துக்குக் காட்ட ஒரு பொய்யை என் கையால்தான் கட்டுவித்தார்கள்; அந்தப் பொய்யில் ஒரு ஜன்னலையாவது மெய்யாக்க அதே கையால் முடிந்தது என்பதை நினைத்தால், இந்த நடுங்குகிற கைமேல் எனக்கு இன்றும் ஒரு மரியாதை வருகிறது.